கம்ப்ரசர் தானாகச் சாவதில்லை

சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு பழைய அம்பாசடரை ஏசி கடையில் கொண்டுபோய் நிறுத்தினால், பானட்டைத் திறந்த சற்று நேரத்தில் இரண்டில் ஒரு தீர்ப்பு வந்துவிடும். ஒன்று, ‘கேஸ் இல்லை’. இன்னொன்று, ‘கம்ப்ரசர் போச்சு’. முதலாவது சில ஆயிரங்களோடு முடியும். இரண்டாவது அதைப்போல் பல மடங்கு கேட்கும். இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடும். ஆனால் கேஸ் எந்த வழியாகப் போனது, கம்ப்ரசர் எதனால் போனது என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை. பதில் தெரியாமல் புதிய கம்ப்ரசரை மாட்டினால், பழையதைக் கொன்ற காரணம் குழாய்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். சீக்கிரமே புதியதையும் அது முடித்துவிடும்.

உதாரணத்துக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். தொண்ணூறுகளில் வந்த, 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் என்ஜின் பூட்டிய அம்பாசடர். உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதத்தோடு அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டது; இன்று ஓடுபவை எல்லாம் யாரோ ஒருவர் ஆசையோடு காப்பாற்றி வைத்திருப்பவை. பாதையையும் தேர்ந்துகொள்வோம்: சித்தூரிலிருந்து பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகத் திருப்பதி, அங்கிருந்து அலிபிரி, பிறகு திருமலை. கார் ஏசியைச் சோதிப்பதற்கென்றே யாராவது ஒரு தடம் போட்டிருந்தாலும் இதைவிடக் கடுமையாக அமைத்திருக்க முடியாது. கோடையில் நாற்பது டிகிரி வெயிலில் சுமார் எழுபது கிலோமீட்டர் ஓட்டம், அலிபிரி சோதனைச் சாவடி வரிசையில் நின்றபடி என்ஜின் ஓடுவது, உடனே மலையேற்றம். ஏசியில் எந்தக் குறை ஒளிந்திருந்தாலும் இந்த மூன்றில் ஒன்று அதை வெளியே இழுத்துவிடும்.

வெப்பத்தை மேடேற்றும் வேலை

ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் கையில் தடவும் ஸ்பிரிட் சில்லென்று இருக்கும். திரவம் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அதைத் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கார் ஏசியில் டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் நடப்பதும் இதுதான். இன்று பரவலாகப் போடப்படும் ஆர்-134ஏ வாயு, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். கேஜில் 28 பி.எஸ்.ஐ. காட்டும் அளவுக்கு அழுத்தத்தை வைத்தால் கொதிநிலை சுழியம் டிகிரிக்கு வரும். காருக்குள் இருக்கும் காற்று அந்தக் காயிலைக் கடக்கும்போது தன் வெப்பத்தை அதற்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து வெளியேறுகிறது.

இதுவரை கம்ப்ரசருக்கு வேலை இல்லை. சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். வெப்பத்தை வாங்கிக்கொண்ட ஆவி இன்னும் பத்துப் பதினைந்து டிகிரியில்தான் இருக்கிறது. வெளியே நாற்பது டிகிரி. குளிர்ந்த பொருளிலிருந்து சூடான இடத்துக்கு வெப்பம் தானாகப் போகாது. ஆகவே, அந்த ஆவியின் வெப்பநிலையை வெளிக்காற்றைவிட உயர்த்தியாக வேண்டும். கம்ப்ரசர் ஆவியை அழுத்துகிறது. அழுத்தம் கூடும்போது அது திரவமாக மாறும் வெப்பநிலையும் கூடுகிறது. 60 டிகிரியில் அது கண்டென்சருக்குள் திரவமாகும்போது, 40 டிகிரிக் காற்றுக்கு வெப்பத்தைத் தாராளமாகக் கொடுக்க முடியும். கம்ப்ரசர் செய்வது வெப்பத்தை மேடேற்றும் கூலிவேலை. மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு சிரமம்.

பழைய கார்களில் பின்னால் சேர்க்கப்பட்ட ஏசிகளில் அடிக்கடி காணப்படும் வகை சாண்டன் நிறுவனத்தின் ஐந்து பிஸ்டன் கம்ப்ரசர். அதன் 508 மாடலில் தண்டு ஒருமுறை சுற்றினால் ஐந்து பிஸ்டன்களும் சேர்ந்து 138 கன சென்டிமீட்டர் ஆவியை இழுத்துத் தள்ளும். சாய்வாகப் பொருத்திய ஒரு தட்டு தள்ளாடித் தள்ளாடிப் பிஸ்டன்களை முன்னும் பின்னும் நகர்த்துகிறது. என்ஜினில் இருப்பதுபோல இதில் எண்ணெய் பம்ப் கிடையாது. கம்ப்ரசருக்குள் கொஞ்சம் எண்ணெய் நிற்கும். மீதி வாயுவோடு கலந்து கண்டென்சர், டிரையர், கூலிங் காயில் என்று ஊர்சுற்றிவிட்டுத் திரும்பி வந்து பேரிங்குகளையும் பிஸ்டன்களையும் நனைக்கும். வாயுதான் எண்ணெய்க்கு வாகனம்.

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் கம்ப்ரசர் மரணங்களில் பாதிக்கு விளக்கம் கிடைத்துவிடும். கேஸ் மெல்ல மெல்லக் கசிந்து குறையும்போது, கூலிங் குறைவது நமக்குத் தெரிகிறது. எண்ணெய் திரும்பி வருவது குறைவது தெரிவதில்லை. இதைத் தடுக்கத்தான் குறைந்த அழுத்தத்தில் கம்ப்ரசரின் கிளட்சைத் துண்டிக்கும் பிரஷர் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். பல பழைய வண்டிகளில் அந்தச் சுவிட்ச் என்றோ பழுதாகி, யாரோ ஒருவர் இரண்டு ஒயர்களையும் முறுக்கி ‘டைரக்ட்’ செய்துவிட்டிருப்பார். அன்றைக்கு வண்டி குளிர்ந்திருக்கும். அன்றிலிருந்து அந்தக் கம்ப்ரசருக்குக் காவல் இல்லை.

அலிபிரியில் ஒரு கணக்கு

மலையேறும்போது ஏசியை அணைத்துவிடுவது பழைய டிரைவர்களின் வழக்கம். மூடநம்பிக்கை போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

திருமலைக்கு இரண்டு மலைப்பாதைகள். மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யாவின் திட்டத்தில் அமைந்த முதல் பாதை 1944-இல் திறக்கப்பட்டது. முப்பதாண்டு கழித்து வந்த இரண்டாவது பாதையில்தான் இப்போது வண்டிகள் ஏறுகின்றன. பழைய பாதை இறங்குவதற்கு. அடிவாரத்திலிருந்து மேலே ஏற வேண்டிய உயரம் தோராயமாக 700 மீட்டர். ஐந்து பேரும் சாமான்களும் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள அம்பாசடர் அரை மணி நேரத்தில் அந்த உயரத்தை ஏற, உயர்த்துவதற்கு மட்டும் சராசரியாக எட்டுக் குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவாகத் தேவை. டயர் உராய்வையும் சேர்த்தால் பத்து. ஏசி கம்ப்ரசர் முழுச் சுமையில் மூன்று குதிரைத்திறன் வரை கேட்கும். அதாவது ஏசி போட்டபடி ஏறுவது, மலையை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்த்திவிட்டு ஏறுவதற்குச் சமம்.

இசுசு என்ஜின் சுமார் 75 குதிரைத்திறன் தரும் என்பதால் சமாளித்துவிடும். அதற்கு முந்தைய 1,489 சி.சி. டீசல் அம்பாசடரின் மொத்தத் திறனே 37 குதிரைத்திறன்தான். வளைவில் இரண்டாவது கியரில் திணறும் அந்த என்ஜினுக்கு மூன்று குதிரைகள் பெரிய இழப்பு.

திறனைவிட முக்கியமானது காற்று. கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. நெடுஞ்சாலையில் வண்டி ஓடும் வேகமே அதற்குக் காற்றூட்டும். அலிபிரி வரிசையில் வண்டி நிற்கும்போது அந்தக் காற்று இல்லை. பெல்ட்டில் சுற்றும் பழைய விசிறியும் என்ஜினோடு சேர்ந்து மெதுவாகிவிடும். கண்டென்சரின் வெப்பநிலை 60-லிருந்து 70-க்கு ஏறினால், ஆர்-134ஏ வாயுவின் அழுத்தம் சுமார் 230 பி.எஸ்.ஐ.யிலிருந்து 290-க்குப் போகும். மேடு உயர்ந்துவிட்டது; அதே கூலிக்கு அதிக உழைப்பு. அழுத்த உயர்வோடு கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் வாயுவின் சூடும் ஏறும், எண்ணெய் நீர்த்துப்போகும், சீல்கள் வெந்துபோகும். கண்டென்சர் கக்கிய வெப்பக்காற்று நேராக ரேடியேட்டருக்குள் நுழைவதால் என்ஜினும் சூடாகும். அதன்பிறகு ஏற்றம்: என்ஜின் வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாக நகரும். கம்ப்ரசருக்கு வேலை அதிகம், கண்டென்சருக்குக் காற்று குறைவு.

ஆகவே இந்த ஊரில் பழைய காருக்கு ஏசி வேலை பார்க்கிறவர் முதலில் தொட வேண்டியது கண்டென்சரையும் விசிறியையும்தான். வளைந்து வளைந்து செல்லும் ஒற்றைக் குழாய்க் கண்டென்சரைக் கழற்றிவிட்டு, பல மெல்லிய குழாய்கள் இணையாகச் செல்லும் புதுவகைக் கண்டென்சரைப் பொருத்துவது, முன்னால் ஒரு மின்சார விசிறி வைத்து ஏசி ஓடும்போதெல்லாம் அது சுற்றும்படி ரிலே கொடுப்பது: இந்த இரண்டும் கம்ப்ரசரின் ஆயுளுக்கு, கம்ப்ரசரை மாற்றுவதைவிட அதிகம் செய்யும்.

காலையில் கூலிங், மதியம் வெறுங்காற்று

சந்திரகிரி தாண்டும்வரை நன்றாகக் குளிர்ந்த ஏசி, திருப்பதி ஊருக்குள் நெரிசலில் நின்றதும் வெறுங்காற்று வீசுகிறது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்திவிட்டு எடுத்தால் மறுபடி குளிர்கிறது. ‘கம்ப்ரசர் வீக்’ என்று சொல்லப்படும் இத்தகைய வண்டிகள் பலவற்றில் கம்ப்ரசருக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. முன்னால் இருக்கும் மேக்னட் கிளட்சைப் பாருங்கள்.

கார்களுக்கு ஆலையிலேயே ஏசி பொருத்தி விற்ற முதல் நிறுவனம் அமெரிக்காவின் பேக்கார்ட். 1939-இல் அறிமுகம் செய்தது. அதில் கிளட்ச் கிடையாது. என்ஜின் ஓடும்வரை கம்ப்ரசரும் ஓடும்; வேண்டாமென்றால் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அந்தத் தொல்லைக்குத் தீர்வாக வந்ததுதான் மின்காந்தக் கிளட்ச். புல்லி எப்போதும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். சுவிட்சைப் போட்டதும் கிளட்சின் காயிலில் மின்சாரம் பாய்ந்து, முன்தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். அப்போதுதான் தண்டு சுற்றும்.

முன்தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர். வருடக்கணக்கில் ஒட்டியும் விலகியும் தேய்ந்து அது ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும்போது காந்த இழுவை வெகுவாகக் குறைந்துவிடும், ஏனென்றால் இடைவெளி இரட்டித்தால் இழுவை ஏறத்தாழ நான்கில் ஒன்றாகும். இதோடு சூடும் சேர்கிறது. காயிலில் இருப்பது செம்புக் கம்பி. ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் மின்தடை 0.39 சதவீதம் ஏறும். பானட்டுக்குள் காயில் 25 டிகிரியிலிருந்து 105-க்குச் சூடாகும்போது தடை முப்பது சதவீதம் கூடிவிடும், மின்னோட்டம் அதற்கேற்பக் குறையும். இழுவை மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் நாற்பது சதவீதம் போய்விடும். காலையில் ஒட்டிய தட்டு மதியம் ஒட்டாது.

மூன்றாவது எதிரி பழைய ஒயரிங். திருப்பதியை அடுத்த கரக்கம்பாடியில் இருக்கிறது அமர ராஜா பேட்டரி ஆலை. நல்ல பேட்டரிக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ஆனால் பேட்டரியில் இருக்கும் வோல்ட் முழுவதும் கிளட்ச் வரை போய்ச் சேர்கிறதா என்பது வேறு கேள்வி. பச்சைப் பூத்த கனெக்டர்களும் தேய்ந்த டாஷ்போர்டு சுவிட்சும் வழியிலேயே இரண்டரை வோல்ட் வரை தின்றுவிடும். 13.5 வோல்ட்டுக்குப் பதில் 11 வோல்ட் கிடைத்தால் இழுவையில் மூன்றில் ஒரு பங்கு காலி.

வைத்தியம் எளிது. ஃபீலர் கேஜை முன்தட்டுக்குப் பின்னால் மூன்று இடங்களில் நுழைத்து இடைவெளியை அளக்க வேண்டும். நடுநட்டைக் கழற்றி, தண்டில் இருக்கும் ஷிம் வளையங்களில் ஒன்றை எடுத்துவிட்டால் இடைவெளி குறையும். பேட்டரியிலிருந்து நேராக ரிலே வழியே கிளட்சுக்குப் புது ஒயர் இழுக்க வேண்டும். முழுக் கம்ப்ரசரின் விலைக்குப் பதிலாக, விரல்நகத்தைவிடச் சற்றே தடித்த ஒரு இரும்பு வளையத்தோடு கதை முடியும். இதைச் செய்யாமல் தட்டு வழுக்கிக்கொண்டே ஓடினால் ரப்பர் கருகும் வாடை வரும், புல்லி பேரிங்கின் கிரீஸ் உருகி ஓடும், அப்போது உண்மையிலேயே பெரிய செலவு வந்து நிற்கும்.

சத்தத்திலும் ஒரு தடயம் உண்டு. ஏசியை அணைத்திருக்கும்போதே கரகரவென்று கேட்டால் அது பெரும்பாலும் புல்லி பேரிங், தனியாக மாற்றலாம். ஏசியைப் போட்டால் மட்டும் கேட்டால் குற்றவாளி உள்ளே இருக்கிறான்.

சும்மா நிற்பதும் ஆபத்து

சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 2022-இல் பிரிந்த திருப்பதி மாவட்டத்துக்குள் போன ஸ்ரீசிட்டி, இன்று வீட்டு ஏசிகள் தயாராகும் பெரிய மையம். டைக்கினும் புளூ ஸ்டாரும் 2023-இல் அங்கே ஆலை திறந்தன. அந்த ஏசிகளின் கம்ப்ரசரையும் கார் கம்ப்ரசரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பெரிய வேறுபாடு புலப்படும். வீட்டு ஏசியில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்து வெல்டிங் செய்யப்பட்டவை. மின்கம்பிகளும் குழாய்களும் மட்டுமே வெளியே வரும். சுற்றும் பாகம் எதுவும் கூட்டைத் துளைத்து வருவதில்லை. கார் கம்ப்ரசரைச் சுற்றுவது வெளியே இருக்கும் என்ஜின். ஆகவே தண்டு கூட்டைத் துளைத்து வெளியே வந்தாக வேண்டும். சுற்றும் தண்டைச் சுற்றி வாயு கசியாமல் காப்பது ஒரு சிறிய சீல் மட்டுமே.

அந்தச் சீலைக் காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம். தினமும் ஓடும் டாக்ஸியில் படலம் காய்வதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கவரைக் கழற்றித் துடைத்து வைக்கும் கிளாசிக் காரில் மாதக்கணக்கில் ஏசி ஓடாது. எண்ணெய் வடிந்துவிடும், சீலின் முகம் காயும். கோடை பிறந்ததும் திடீரென்று போடும்போது உலர்ந்த முகங்கள் உரசிக் கீறல் விழும், கேஸ் மெல்லக் கசியத் தொடங்கும். கிளட்சின் நடுப்பகுதியிலும் அதற்கு நேரே பானட்டின் உட்புறத்திலும் வட்டமாக எண்ணெய்ப் பிசுக்குத் தெளித்திருந்தால் சீல் போய்விட்டதென்று பொருள். உள்ளே பாகங்கள் நல்ல நிலையில் இருந்தால் சீல் கிட் வாங்கிப் பழைய கம்ப்ரசரையே காப்பாற்றலாம். வரும்முன் காக்கும் வழி இன்னும் மலிவு: வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம், மார்கழியிலும் சரி, ஏசியைப் போட்டு ஓட்ட வேண்டும்.

மேட்டூர் வாயுவின் காலம்

நம் அம்பாசடரின் ஏசி பிறந்தபோது அதில் இருந்தது ஆர்-12. தாமஸ் மிட்ஜ்லியின் குழு 1928-இல் கண்டுபிடித்த, எரியாத, நச்சில்லாத வாயு. இந்தியாவில் அதைத் தயாரித்த நான்கு நிறுவனங்களில் ஒன்று மேட்டூரின் கெம்பிளாஸ்ட் சன்மார். தரைமட்டத்தில் சாதுவான அந்த வாயு, வானத்தில் உயரே போனதும் சூரியனின் புறஊதாக் கதிரால் உடைந்து குளோரினை விடுவித்து ஓசோனை அழிக்கிறது என்று 1974-இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் காட்டினார்கள். 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம்; 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது. 2008 ஆகஸ்டில் இந்திய ஆலைகள் ஆர்-12 போன்ற குளோரோஃபுளோரோகார்பன்களின் உற்பத்தியை நிறுத்தின.

பழைய வண்டிகளுக்கு வேறு வழியில்லாமல் ஆர்-134ஏ வந்து சேர்ந்தது. ‘பழைய கேஸை விட்டுவிட்டுப் புது கேஸைப் போடு’ என்ற அளவில் அந்த மாற்றம் நடந்த வண்டிகளில்தான் கம்ப்ரசர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. காரணம், எண்ணெய்.

ஆர்-12 கனிம எண்ணெயோடு நன்றாகக் கலக்கும். கலந்ததால் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு சுற்றிவரும். ஆர்-134ஏ அந்த எண்ணெயோடு ஒட்டாது. கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் எண்ணெய் கூலிங் காயிலின் அடியில் தேங்கிவிடும், திரும்பி வராது. சில வாரங்கள் நன்றாகக் குளிரும். பிறகு ஒருநாள் கம்ப்ரசர் ஜாம். புது வாயுவுக்குப் பேக் (PAG) எண்ணெயோ எஸ்டர் எண்ணெயோ வேண்டும். மாற்றம் செய்யப்படும் பழைய வண்டிகளுக்கு எஸ்டர் பொருத்தம். மிச்சம் மீதி ஒட்டியிருக்கும் கனிம எண்ணெயை அது பொறுத்துக்கொள்ளும்.

ரப்பர் ஹோஸ்களும் அப்படியே விடக்கூடியவை அல்ல. ஆர்-134ஏ மூலக்கூறு ஆர்-12-ஐவிடச் சிறியது. பழைய ரப்பரின் ஊடாகவே மெல்லக் கசிந்துவிடும். உள்ளே நைலான் படலம் ஒட்டிய பேரியர் ஹோஸ் வாங்கி, பழைய முனைகளை வைத்துப் புதிதாகக் கிரிம்ப் செய்துகொள்ள வேண்டும். ஓ-ரிங்குகளையும் மாற்ற வேண்டும். டிரையரில் ஈரம் உறிஞ்சும் மணிகளும் பழைய ரகமென்றால் புது வாயுவில் சிதைந்து தூளாகிவிடும். கூலிங் காயிலுக்குள் திரவத்தை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வை அந்தத் தூள் அடைக்கும்.

அழுத்தத்திலும் வேறுபாடு உண்டு. கூலிங் காயிலில் சுழியம் டிகிரி, கண்டென்சரில் 60 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஆர்-12 வாயுவைக் கம்ப்ரசர் ஐந்து மடங்கு அழுத்தினால் போதும். ஆர்-134ஏ-வுக்கு ஆறு மடங்குக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். இதை ஈடுகட்டத்தான் பெரிய கண்டென்சரும் விசிறியும். அளவிலும் கவனம் வேண்டும்: பழைய ஆர்-12 எடையில் எண்பது, எண்பத்தைந்து சதவீதம் போதும். திரவம் ஓடுவதைக் காட்டும் சைட் கிளாஸில் குமிழி மறையும்வரை ஏற்றுவது ஆர்-12 காலத்துப் பழக்கம். ஆர்-134ஏ-வில் அது அளவுக்கு மீறி ஏற்றுவதில் முடியும். தராசில் நிறுத்துப் போடும் கடைதான் சரி.

பழைய ஆர்-12 வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா? புவியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ ஆர்-12, நூறாண்டுக் கணக்கில், கிட்டத்தட்ட 10,900 கிலோ கார்பன்-டை-ஆக்சைடுக்குச் சமம். லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் தரும் அம்பாசடரை ஏறத்தாழ 47,000 கிலோமீட்டர் ஓட்டினால் வரும் புகைக்கு அது ஈடு. ஒரு ஸ்பேனரைத் திருகும் நேரத்தில் அவ்வளவும் போய்விடும். மீட்பு இயந்திரத்தில் சிலிண்டருக்குள் இழுத்துக்கொள்வதுதான் முறை.

பிரேதப் பரிசோதனை

கம்ப்ரசர் உண்மையிலேயே செத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிளட்ச் தட்டைக் கையால் சுற்றினால் அசையவில்லை. கழற்றிய உடனே செய்ய வேண்டியது, அதன் எண்ணெயை ஓர் அளவுக் குவளையில் வடிப்பது. எவ்வளவு இருக்கிறது, என்ன நிறம், என்ன வாடை: கேஸ் ஹிஸ்டரி முழுவதும் அதில் இருக்கும்.

தெளிவான எண்ணெய் வந்து, அளவு மட்டும் மிகக் குறைவென்றால், கசிவால் காய்ந்து செத்திருக்கிறது. கருகி, தீய்ந்த வாடையோடு வந்தால் அதிகச் சூடு. கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். கறுத்த எண்ணெயை ஒரு வெள்ளைத் தாளில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளிப் பொடி மினுங்கினால் நிலைமை மோசம். பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றையொன்று அரைத்த அலுமினியம் அது. கம்ப்ரசருக்குள் மட்டும் அது நிற்காது. வாயுவோடு போய்க் கண்டென்சர் வரை படிந்திருக்கும். பிஸ்டன் வளையங்களும் எண்ணெயும் பொடியும் சேர்ந்து கறுப்புக் கூழாகி மெல்லிய குழாய்களை அடைத்திருக்கும். புதுவகைக் கண்டென்சரின் மெல்லிய துளைகளிலிருந்து அதைக் கழுவி எடுப்பது நடக்காத காரியம். கண்டென்சரை மாற்ற வேண்டியதுதான். கூலிங் காயிலையும் ஹோஸ்களையும் அதற்குரிய திரவத்தால் கழுவி, உலர்ந்த நைட்ரஜனால் ஊதித் தள்ள வேண்டும். பெட்ரோலால் கழுவி, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரால் ஊதுவது தெருவோரப் பழக்கம். காற்றோடு ஈரமும் உள்ளே போய்விடும்.

ஈரம் உள்ளே போனால் இரண்டு கேடு. எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளையில் பனிக்கட்டியாக உறைந்து ஓட்டத்தை அடைக்கும். எண்ணெயோடும் வாயுவோடும் வினைபுரிந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். அதனால்தான் வேக்குவம் போடுகிறார்கள். 35 டிகிரியில் காற்றழுத்தத்தை 760-லிருந்து 42 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறக்கினால் தண்ணீர் தானாகக் கொதித்து ஆவியாகும். பம்ப் அதை இழுத்துவிடும். ஐந்து நிமிடம் போட்டுவிட்டு நிறுத்தினால் போதாது. அரை மணி, முக்கால் மணி ஓட வேண்டும். அதற்கு முன்பே நைட்ரஜனை ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்துவிட வேண்டும். வேக்குவம் தாங்கிவிட்டது என்பதற்காக 200 பி.எஸ்.ஐ.யைத் தாங்கும் என்று நம்ப முடியாது.

புதிய கம்ப்ரசருக்குள் ஆலையிலேயே எண்ணெய் ஊற்றி அனுப்பியிருப்பார்கள். அதை வடித்து, எந்த ரகம், எத்தனை மில்லி என்று பார்த்து, கழுவிய பாகங்களுக்கும் சேர்த்துக் கணக்கிட்டு ஊற்ற வேண்டும். கூடினாலும் கேடு, காயிலுக்குள் படலமாகப் படிந்து குளிர்ச்சியைக் குறைக்கும். மாட்டியதும் கிளட்ச் தட்டைக் கையால் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்ற வேண்டும். பிஸ்டன் தலையில் எண்ணெய் தேங்கியிருந்தால் அது வழிந்துவிடும். திரவம் அமுங்காது, தேங்கிய நிலையில் என்ஜின் சுழற்றினால் இலைபோன்ற ரீட் வால்வுகள் முதல் நொடியிலேயே உடைந்துபோகும். பெல்ட் நேர்கோட்டில் ஓடுகிறதா என்று பார்த்து, ஐட்லிங்கில் வைத்து ஏசியை இருபது தடவை போட்டுப் போட்டு அணைத்தால் கிளட்சின் புது முகங்கள் ஒன்றோடொன்று பழகிக்கொள்ளும்.

சிலிண்டரில் இருப்பது உண்மையான ஆர்-134ஏ-தானா என்பதும் உயிர்ப் பிரச்சினை. 2011-இல் வியட்நாமில் போலி வாயு ஏற்றப்பட்ட குளிர்சாதனக் கப்பல் கண்டெய்னர்கள் பின்னர் வெடித்ததில் மூன்று பேர் இறந்தார்கள். அந்தப் போலியில் கலந்திருந்த மெத்தில் குளோரைடு, கம்ப்ரசரின் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் சேர்மத்தை உண்டாக்கியிருந்தது. கார் கம்ப்ரசரின் உடலும் அலுமினியம்தான். பெயர் தெரியாத மலிவு சிலிண்டரை எந்தத் தள்ளுபடிக்காகவும் ஏற்க வேண்டாம்.

அடுத்த முறை

ஆர்-12-க்கு நேர்ந்தது ஆர்-134ஏ-வுக்கும் நேரப்போகிறது. ஓசோனுக்கு அது தீங்கு செய்யாவிட்டாலும் புவியைச் சூடாக்குவதில் கார்பன்-டை-ஆக்சைடைவிட 1,430 மடங்கு வலியது. 2016-இல் உருவான கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. அதன்படி இத்தகைய வாயுக்களின் பயன்பாடு 2028-இல் ஓர் உச்சவரம்புக்குள் வந்து, 2032 முதல் படிப்படியாகக் குறைந்து, 2047-இல் 85 சதவீதம் சுருங்க வேண்டும். இன்று ஷோரூமிலிருந்து வரும் பல கார்கள் கிளாசிக் ஆகும் வயதில் அவற்றின் வாயு ஆர்-12 போல அரிதாகியிருக்கும். வெளிநாடுகளில் புதிய கார்களுக்கு வந்துவிட்ட ஆர்-1234ஒய்எஃப் லேசாக எரியக்கூடியது. அதற்கான எண்ணெயும் விதிமுறைகளும் வேறு.

அப்போதும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்: எண்ணெய் வாயுவோடு கலக்குமா, ஹோஸும் சீலும் தாங்குமா, கண்டென்சர் அந்த அழுத்தத்தில் வெப்பத்தை வெளியே தள்ளுமா, கிளட்சுக்கு முழு வோல்ட் வருகிறதா. இந்த நான்குக்கும் பதில் சொல்லிவிட்டுக் கம்ப்ரசரின் விலையைச் சொல்லும் மெக்கானிக், சித்தூரில் கிடைத்தாலும் வேலூரில் கிடைத்தாலும், கூலி கொஞ்சம் அதிகம் கேட்டாலும், வண்டியை அவரிடம் விடுவதே லாபம்.